புதுச் செல்கள் பிறந்துகொண்டே இருக்கும்போது உடல் ஏன் மூப்படைகிறது?

கரிசல்மண்:

வணக்கம். மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் எடுக்கிறேன். செல் பகுப்புப் பாடம் முடிந்ததும் ஒரு மாணவி கேட்டாள்: "தோல் புதிதாகிறது, ரத்தம் புதிதாகிறது, குடலின் உட்சுவர் சில நாட்களில் மாறிவிடுகிறது. பழசு போய்ப் புதுசு வந்துகொண்டே இருந்தால் எங்கள் பாட்டிக்கு ஏன் வயதாகிறது?" குரோமோசோம்களின் நுனியான டெலோமியர் தேய்கிறது என்று ஒரே வரியில் பதில் சொல்லலாம். அந்த ஒரு வரி அவளுக்குப் போதாது. அப்புறம், ஏழு வருடத்துக்கு ஒருமுறை உடம்பு முழுக்கப் புதிதாகிவிடும் என்று வாட்ஸப்பில் சுற்றுகிறதே, அது உண்மையா? ஆய்வகத்தில் இருப்பவர்கள் விரிவாக எழுதினால் வகுப்பில் அப்படியே வாசித்துக் காட்டுவேன்.

நுண்ணோக்கி:

சார், அந்த ஏழு வருடக் கணக்கை முதலில் தள்ளி வைத்துவிடலாம். ஒவ்வொரு திசுவுக்கும் தனித்தனி வேகம் உண்டு. சில திசுக்கள் புதிதாவதே இல்லை. இதை அளந்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் திறந்தவெளியில் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்ததால் காற்றில் கார்பன்-14 ஏறக்குறைய இரண்டு மடங்கானது. 1963-இல் தடை ஒப்பந்தம் வந்த பிறகு வருடாவருடம் குறைந்துகொண்டே வந்தது. ஒரு செல் உருவாகும்போது அந்த வருடத்துக் காற்றின் கார்பன் அளவு அதன் டிஎன்ஏவில் பதிந்துவிடுகிறது. சுவீடனில் கரோலின்ஸ்கா நிறுவனத்தின் யோனாஸ் ஃப்ரிசேன் குழு இதை வைத்து, இறந்தவர்களின் திசுக்களில் இருந்த செல்கள் எந்த வருடம் பிறந்தவை என்று கணக்கிட்டது. 2009-இல் இதயத்தைப் பற்றிய முடிவு வந்தது. 25 வயதில் இதயத் தசைச் செல்களில் வருடத்துக்கு 1 சதவீதம் புதிதாகிறது. 75 வயதில் 0.45 சதவீதம். முழு ஆயுளையும் சேர்த்தாலும் பாதி செல்கள்கூட மாறுவதில்லை. மூளையின் புறணியில் இருக்கும் நரம்புச் செல்களுக்கோ அந்த மனிதருடைய வயதேதான்.

ஆகவே உங்கள் மாணவி கேட்டதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பிரிகிற செல்கள் ஏன் ஒரு கட்டத்தில் நின்றுவிடுகின்றன? பிரியாத செல்கள் ஏன் கெடுகின்றன?

முதல் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. 1912-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் அலெக்சிஸ் காரெல், கோழிக்கருவின் இதயத் துண்டை எடுத்துக் குடுவையில் வளர்க்க ஆரம்பித்தார். அந்த வளர்ப்பு 1946 வரை ஓடியது. கோழியின் ஆயுளைவிட எத்தனையோ மடங்கு! அவர் அதே வருடம் நோபல் பரிசும் வாங்கியவர் என்பதால் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. செல்களுக்கு மூப்பே இல்லை, மூப்பு என்பது உடம்பு என்ற கூட்டத்துக்கு மட்டும் வருவது என்று உயிரியல் முழுவதும் நம்பியது. வேறு ஆய்வகங்களில் செல்கள் செத்தபோதெல்லாம் 'நம் கைப்பக்குவம் சரியில்லை' என்றே எடுத்துக்கொண்டார்கள்.

1961-இல் பிலடெல்பியாவின் விஸ்டார் நிறுவனத்தில் லியோனார்ட் ஹேஃப்ளிக்கும் பால் மூர்ஹெட்டும் அந்த நம்பிக்கையை உடைத்தார்கள். மனிதக் கருவின் நுரையீரல் போன்ற திசுக்களிலிருந்து எடுத்த செல்கள், எவ்வளவு நன்றாகப் பராமரித்தாலும் சுமார் 50 முறை இரட்டிப்பான பிறகு நின்றுவிட்டன. பராமரிப்புக் குறைதான் காரணம் என்று ஒருவர் சொல்லலாம் அல்லவா? அதற்காக அவர்கள் செய்த சோதனைதான் அருமை. பல முறை பிரிந்து முதிர்ந்த ஆண் செல்களையும், சில முறையே பிரிந்த பெண் செல்களையும் ஒரே குடுவையில் கலந்து வளர்த்தார்கள். தனியாக வைத்திருந்த ஆண் செல்கள் நின்ற நேரத்தில் கலவைக் குடுவையைத் திறந்து குரோமோசோம்களைப் பார்த்தால், அங்கே பெண் செல்கள் மட்டும் இருந்தன. ஒரே உணவு, ஒரே குடுவை, ஒரே கை. முதிர்ந்தவை நின்றன, இளையவை ஓடின. கணக்கு செல்லுக்குள்ளேயே இருக்கிறது. உறைய வைத்து வருடங்கள் கழித்து எடுத்தாலும் விட்ட இடத்திலிருந்துதான் எண்ணிக்கையைத் தொடர்கின்றன.

காரெலின் முடிவை வேறு யாராலும் திரும்பச் செய்துகாட்ட முடியவில்லை. உணவாக ஊற்றிய கோழிக்கருச் சாற்றோடு புதிய உயிர்ச்செல்களும் உள்ளே போய்க்கொண்டிருந்திருக்கலாம் என்பதே பரவலான விளக்கம். வகுப்பில் கட்டாயம் சொல்லுங்கள், சார். பெரிய பெயர் ஒன்று ஒரு துறையையே பல பத்தாண்டுகள் நிறுத்தி வைத்த கதை இது.

பாலாறு:

அண்ணா, அந்தக் கணக்கு எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்பதை நான் தொடர்கிறேன். எம்.எஸ்சி. செமினாருக்கு இதைத்தான் எடுத்தேன். டிஎன்ஏவைப் படியெடுக்கும் நொதியால் இழையின் கடைசி நுனியை முழுதாகப் படியெடுக்க முடியாது. ஒவ்வொரு பிரிவிலும் நுனி கொஞ்சம் குறையும். ரஷ்யாவின் அலெக்சி ஒலோவ்னிகோவ் 1971-இலேயே இதையும் ஹேஃப்ளிக் எல்லையையும் முடிச்சுப் போட்டு எழுதிவிட்டார். ஹேஃப்ளிக்கைப் பற்றிய ஒரு சொற்பொழிவைக் கேட்டுவிட்டு மாஸ்கோ மெட்ரோ நிலையத்தில் நின்றபோது அவருக்கு இது தோன்றியிருக்கிறது. கையில் எந்தச் சோதனை முடிவும் இல்லாத நேரம் அது!

அப்புறம் எலிசபெத் பிளாக்பர்ன். குளத்து நீரில் வாழும் டெட்ராஹைமினா என்ற ஒற்றைச் செல் உயிரின் குரோமோசோம் நுனியில் ஒரே எழுத்துத் தொடர் திரும்பத் திரும்ப வருவதை ஜோசஃப் காலுடன் 1978-இல் வெளியிட்டார். நமக்கு அது டி-டி-ஏ-ஜி-ஜி-ஜி, ஆயிரக்கணக்கான முறை. அந்த நுனியை நீட்டித் தரும் டெலோமியரேஸ் நொதியின் முதல் தடயத்தை பிளாக்பர்னின் மாணவி கேரல் கிரைடர் பார்த்தது 1984 கிறிஸ்துமஸ் அன்று. இருவருக்கும் ஜாக் சோஸ்டாக்குக்கும் 2009-இல் நோபல். நம் உடற்செல்கள் பெரும்பாலானவற்றில் இந்த நொதி அணைக்கப்பட்டிருக்கிறது. 1998-இல் அதன் மரபணுவைச் சாதாரண மனிதச் செல்லுக்குள் நுழைத்தபோது அவை எல்லையைத் தாண்டி ஓடின.

அப்படியென்றால் விடை கிடைத்துவிட்டது இல்லையா? நுனி தேய்கிறது, செல் நிற்கிறது, உடம்பு மூப்படைகிறது.

நுண்ணோக்கி:

> அப்படியென்றால் விடை கிடைத்துவிட்டது இல்லையா?

இல்லை தம்பி. குடுவையில் செல் ஏன் நிற்கிறது என்பதற்கு விடை கிடைத்தது. உடம்பு ஏன் மூப்படைகிறது என்பதற்கு அதில் ஒரு பங்குதான் கிடைத்தது.

சுண்டெலியைப் பாருங்கள். அதன் டெலோமியர்கள் நம்முடையவற்றைவிடப் பல மடங்கு நீளம். பல திசுக்களில் டெலோமியரேஸும் வேலை செய்கிறது. ஆனால் ஆயுள் இரண்டு மூன்று வருடம். 1997-இல் மரியா பிளாஸ்கோ, கிரைடர், ரொனால்ட் டிபின்யோ ஆகியோர் டெலோமியரேஸ் இல்லாத சுண்டெலிகளை உருவாக்கினார்கள். முதல் தலைமுறை நன்றாகவே இருந்தது. சில தலைமுறைகள் தள்ளித்தான் கோளாறுகள் தெரிந்தன. டெலோமியர்தான் மூப்பின் ஒரே கடிகாரம் என்றால் இப்படி நடக்காது.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறு ஒன்று. செல் நிற்பது தேய்ந்துபோனதால் என்று நினைக்கிறோம். அது தேய்ந்து விழுவதில்லை, தானே நிறுத்திக்கொள்கிறது. நுனி குறுகியதும் அதை உடைந்த டிஎன்ஏவாகச் செல் உணர்கிறது. பி53, பி16 போன்ற புரதங்கள் விழித்துப் பிரிவைப் பூட்டுகின்றன. அந்தப் பூட்டைக் கழற்றிவிட்டால் செல் இன்னும் சில முறை பிரியும். பிறகு குரோமோசோம் நுனிகள் ஒன்றோடொன்று ஒட்டி, பிய்ந்து, பெரும்பாலான செல்கள் சாகும். தப்பிப் பிழைப்பது டெலோமியரேஸை மறுபடி இயக்கிக்கொண்ட செல். புற்றுநோய்களில் 85 முதல் 90 சதவீதம் வரை இந்த நொதியை இயக்கியிருக்கின்றன. 1951-இல் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து, அவருக்குத் தெரியாமலேயே எடுக்கப்பட்ட ஹீலா செல்கள் இன்றும் பிரிந்துகொண்டிருக்கின்றன.

பத்துப் பதினைந்து கிலோ எடைக் குழந்தையாக இருந்தது முதல் கோடானுகோடி செல் பிரிவுகள் நடந்தும் நம்மில் பெரும்பாலோர் இளமையில் புற்று வராமல் தப்புவதற்கு இந்தப் பூட்டும் ஒரு காரணம். டெலோமியர் மிகக் குறுகலாகப் பிறப்பவர்களுக்கு எலும்பு மஜ்ஜை சீக்கிரம் வற்றுகிறது. மிக நீளமாகப் பிறப்பவர்கள் சிலருக்கோ தோலில் வரும் கரும்புற்று (மெலனோமா) போன்ற கட்டிகளின் ஆபத்து கூடுகிறது. 'நீளமாக இருந்தால் நல்லது' என்று விற்கிறவர்கள் இந்த இரண்டாவது பாதியைச் சொல்வதில்லை. எனக்குக் கோபம் வரும் இடம் அது.

தென்றல்வீதி:

படித்துக்கொண்டே வந்தேன். நான் செவிலியர். எங்கள் வார்டில் முதியவர்கள்தான் அதிகம். நான் பார்க்கும் பிரச்சினைகளில் பாதி பிரியாத செல்களில்தான் வருகிறது: மூளை, இதயம், கண். இரண்டாவது கேள்வியைப் பற்றி எழுதுவதாகச் சொன்னீர்களே, அதைச் சொல்லுங்கள்.

நுண்ணோக்கி:

அக்கா, கண்ணிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதுதான் கலப்படமில்லாத உதாரணம். கண் வில்லையின் நடுப்பகுதியில் இருக்கும் செல்கள் நாம் பிறப்பதற்கு முன்பே உருவானவை. ஒளி தடையில்லாமல் போக வேண்டும் என்பதற்காக அவை முதிரும்போது உட்கருவையே சிதைத்துவிடுகின்றன. உட்கரு இல்லாததால் புதுப் புரதம் செய்ய முடியாது. கருவறையில் செய்த கிரிஸ்டலின் புரதங்களை வைத்துக்கொண்டே எழுபது எண்பது வருடம் ஓட்ட வேண்டும். ஒளியும் சர்க்கரையும் ஆக்சிஜனும் அந்தப் புரதங்களை மெல்ல மெல்ல மாற்றுகின்றன. முட்டையின் வெள்ளைக்கரு சூட்டில் வெளுத்துக் கட்டியாவதைப் போல அவை சுருண்டு திரள்கின்றன. கண்புரை அதுதான். இங்கே டெலோமியருக்கு வேலையே இல்லை.

நரம்புச் செல்லும் இதயச் செல்லும் அந்த அளவுக்குக் கைவிடப்பட்டவை அல்ல. அவை புரதங்களை உடைத்துப் புதிதாகச் செய்துகொண்டே இருக்கின்றன. ஆனால் கழிவை அகற்றும் லைசோசோம்களால் கரைக்க முடியாத ஒரு பழுப்புக் கசடு, லிப்போஃபசின், அவற்றில் சேர்கிறது. பிரியும் செல் கசடை இரண்டு பிள்ளைகளுக்கும் பங்கிட்டு நீர்க்கச் செய்துவிடும். பிரியாத செல்லுக்கு அந்த வழி இல்லை. மைட்டோகாண்ட்ரியாக்களுக்குத் தனி டிஎன்ஏ இருக்கிறது. அதில் பிழைகள் பெருகினால் என்ன ஆகும் என்று பார்க்க, 2004-இல் அந்த டிஎன்ஏவைப் பிழையோடு படியெடுக்கும் சுண்டெலிகளை உருவாக்கினார்கள். அவற்றுக்கு முடி உதிர்ந்தது, முதுகு கூன் விழுந்தது, சீக்கிரம் செத்தன.

மருந்துக்கடை:

அப்படியானால் ஆக்சிஜன்தான் எதிரி, ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை எடுத்தால் தடுக்கலாம் என்று ஆகிறதே? வாடிக்கையாளர்கள் கேட்டு வாங்கிப் போவதும் அதற்காகத்தான்.

நுண்ணோக்கி:

டென்ஹம் ஹார்மன் 1956-இல் சொன்ன கருத்து அது. கேட்கச் சரியாகத்தான் இருந்தது. மனிதர்களிடம் சோதித்தபோது நிற்கவில்லை. பின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பிடிப்பாளர்களுக்குப் பீட்டா கரோட்டினோ வைட்டமின் ஈயோ, இரண்டுமோ, அல்லது வெறும் போலி மாத்திரையோ கொடுத்துப் பார்த்தார்கள். 1994-இல் முடிவு வந்தது: பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்று 18 சதவீதம் அதிகம். அமெரிக்காவில் நடந்த இதே போன்ற இன்னொரு சோதனையை 1996-இல் பாதியில் நிறுத்தினார்கள். ஆக்சிஜனின் வினைமிகு மூலக்கூறுகள் செல்லுக்குச் சேதம் செய்வது உண்மை. ஆனால் செல் அவற்றையே சமிக்ஞையாகவும் பயன்படுத்துகிறது. மேலே சொன்ன அந்தச் சுண்டெலிகளிலும் இந்த மூலக்கூறுகள் பெரிதாகக் கூடவில்லை; மைட்டோகாண்ட்ரியா ஆற்றல் செய்ய முடியாமல் போனதே பிரச்சினை. காய்கறி, பழம் சாப்பிடச் சொல்லுங்கள். புகைப்பிடிப்பவருக்கு அந்த மாத்திரையைக் கொடுக்காதீர்கள்.

செங்காந்தள்:

எல்லோரும் 'எப்படி' என்றே பேசுகிறீர்கள். மாணவி கேட்டது 'ஏன்'. ஒற்றைக் கருச்செல்லிலிருந்து ஒரு முழு மனிதனைக் கட்டத் தெரிந்த உயிருக்கு, கட்டியதைப் பராமரிக்கத் தெரியாமல் போனது ஏன்?

பீட்டர் மெடாவர் 1951-இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஆற்றிய உரையில் இதற்கு வழி காட்டினார். மூப்பே இல்லாத விலங்கு ஒன்று இருந்தாலும் புலியிடமோ நோயிடமோ பட்டினியிடமோ அது செத்துத்தான் போகும். முதிய வயதை எட்டுபவை சில மட்டுமே. ஆகவே முதுமையில் மட்டும் கெடுதல் செய்யும் மரபணுவை இயற்கைத் தேர்வால் களைய முடிவதில்லை. அதற்குள் அது பிள்ளைகளுக்குப் போய்விடுகிறது. 1957-இல் ஜார்ஜ் வில்லியம்ஸ் ஒரு படி மேலே போனார். இளமையில் நன்மை செய்து முதுமையில் கெடுதல் செய்யும் மரபணுவைத் தேர்வு வரவேற்கவே செய்யும் என்றார். நுண்ணோக்கி சொன்ன பி16 பூட்டு அப்படியே இதற்குப் பொருந்துகிறது. டாம் கிர்க்வுட் 1977-இல் பொருளாதாரக் கணக்காகச் சொன்னார்: கிடைக்கும் உணவில் எவ்வளவு இனப்பெருக்கத்துக்கு, எவ்வளவு பழுதுபார்க்க?

இது வெறும் தத்துவம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துக் கரையோரம் சபேலோ என்ற தீவு. அங்கே ஒபோசம் என்ற பைப்பாலூட்டி, வேட்டையாடும் பெரிய விலங்குகள் இல்லாமல் சில ஆயிரம் வருடங்களாகத் தனித்து வாழ்கிறது. ஸ்டீவன் ஆஸ்டட் அவற்றைப் பிடித்து, ரேடியோ பட்டை கட்டிப் பின்தொடர்ந்து, பெருநிலத்து ஒபோசங்களோடு ஒப்பிட்டார். தீவில் இருந்தவை மெதுவாக மூப்படைந்தன. வாலின் தசைநாரில் கொலாஜன் இறுகுவதும் மெதுவாகவே நடந்தது. ஒவ்வொரு ஈற்றிலும் அவை ஈன்ற குட்டிகளும் குறைவு. மெடாவரின் கணக்கு அப்படியே நிலத்தில் தெரிகிறது. பறக்கத் தெரிந்த வௌவால் அதே எடையுள்ள எலியைவிடப் பல மடங்கு வாழ்வதும், மண்ணுக்கடியில் வாழும் மயிரற்ற அகழெலி 30 வருடத்தைத் தாண்டுவதும் இதே கணக்குதான்.

பாலாறு:

அக்கா, கணக்கு சரி. ஆனால் ஆயிரக்கணக்கான மரபணுக்கள் சேர்ந்து கெடுப்பதுதான் மூப்பு என்றால், ஒரே ஒரு மரபணுவை மாற்றி ஆயுளைக் கூட்ட முடியக் கூடாது. 1993-இல் சிந்தியா கென்யன் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவில் டாஃப்-2 என்ற ஒரே மரபணுவைப் பலவீனமாக்கி ஆயுளை இரண்டு மடங்குக்கு மேல் கூட்டினாரே?

செங்காந்தள்:

நல்ல இடத்தில் பிடித்தாய். டாஃப்-2 என்பது நம் இன்சுலினுக்கும், ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சி ஹார்மோனுக்கும் உள்ள ஏற்பிகளுக்கு உறவான ஏற்பி. 'உணவு நிறைய இருக்கிறது, வளர், முட்டையிடு' என்று சொல்லும் பாதை அது. அதைத் தணித்தால் செல்கள் பழுதுபார்ப்புப் பக்கம் திரும்புகின்றன. அதாவது கிர்க்வுட் சொன்ன பங்கீட்டை மாற்றும் திருகு ஒன்று இருக்கிறது. திருகு இருப்பதால் மூப்பு திட்டமிட்ட நிகழ்ச்சி ஆகிவிடாது. கார்னெலில் கிளைவ் மெக்கே 1935-இலேயே எலிகளுக்கு உணவைக் குறைத்து ஆயுள் கூடுவதைக் காட்டியதும் இதே பாதையைத் தொடுகிறது.

கரிசல்மண்:

இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். நின்றுபோன செல் சும்மா இருந்தால் உடம்புக்கு என்ன கெடுதல்? ஓரமாக இருந்துவிட்டுப் போகட்டுமே?

நுண்ணோக்கி:

சும்மா இருப்பதில்லை சார், அதுதான் சிக்கல். ஜூடித் கேம்பிசி இதை 2008-இல் விரிவாகக் காட்டினார். நின்ற செல் உப்பிப் பெரிதாகி, அழற்சியைத் தூண்டும் புரதங்களையும் பக்கத்துத் திசுவைக் கரைக்கும் நொதிகளையும் இடைவிடாமல் சுரக்கிறது. குடுவையில் நான் வளர்க்கும் செல்களிலேயே இதைப் பார்க்கலாம்: மெலிந்து நீண்டிருந்தவை தட்டையாகப் பரந்துவிடும். அது 'இங்கே கோளாறு, வந்து என்னை அகற்றுங்கள்' என்று நோயெதிர்ப்புச் செல்களை அழைக்கும் குரலும்தான். இளம் உடம்பில் அவை வந்து அகற்றுகின்றன. முதிய உடம்பில் அழைப்பு போகிறது, ஆள் வருவது குறைகிறது. 2018-இல் மேயோ கிளினிக்கில் இளம் சுண்டெலிகளுக்கு நின்ற செல்களை ஊசி வழியே செலுத்தினார்கள். உடம்பில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு செல் என்ற அளவிலேயே அவற்றின் நடை வேகமும் பிடிப்பு வலிமையும் குறைந்தன.

மாறாக, 2016-இல் அதே நிறுவனத்தில் பி16 இயங்கும் செல்களை அகற்றிய சுண்டெலிகளின் இடைநிலை ஆயுள் ஏறத்தாழ கால் பங்கு கூடியது. இதைக் கேட்டதும் எல்லோருக்கும் ஆசை வரும். ஆனால் 2014-இல் கேம்பிசி குழுவினர் இன்னொன்றையும் காட்டினார்கள்: நின்ற செல்களை அகற்றினால் சுண்டெலியின் காயம் ஆறத் தாமதமாகிறது. காயத்துக்கு அவை வேண்டும், ஆறியதும் போய்விட வேண்டும். மூட்டுத் தேய்மானத்துக்காக மனிதர்களிடம் சோதித்த, நின்ற செல்களை அகற்றும் மருந்து ஒன்று 2020-இல் போலி மருந்தைவிட மேலாக எதையும் செய்யவில்லை. அதே வகையான டாசாட்டினிப், க்வெர்சிடின் மருந்துக் கூட்டு போன்றவற்றைச் சிறு சோதனைகளில் பார்த்து வருகிறார்கள்.

தென்றல்வீதி:

35 வயதுத் தாயின் கருமுட்டையும் 35 வருடம் பழையதுதானே? பிரசவ வார்டில் இருந்தபோதே இது எனக்குள் இருந்த கேள்வி. குழந்தை மட்டும் எப்படிப் புதிதாகப் பிறக்கிறது?

பாலாறு:

அக்கா, நான் முயல்கிறேன். கருவளர்ச்சியின் தொடக்கத்தில் டிஎன்ஏ மேல் ஒட்டியிருக்கும் வேதிக் குறிகள் பெரும்பாலும் அழித்து எழுதப்படுகின்றன, டெலோமியரேஸும் வேலை செய்கிறது. இது பாலினச் செல்லுக்கு மட்டும் உரியதில்லை என்று காட்டியவள் குளோனிங் முறையில் பிறந்த செம்மறி ஆடு டாலி. ஆறு வயது ஆட்டின் மடிச்செல்லில் இருந்த உட்கருவிலிருந்து 1996 ஜூலை 5 அன்று பிறந்தவள். 2003-இல் நுரையீரல் கட்டியால் கருணைக்கொலை செய்யப்பட்டபோது 'பழைய செல், அதனால்தான்' என்றார்கள். அந்தக் கட்டி ஒரு வைரஸால் வந்தது. டாலிக்கு வந்த அதே செல் வரிசையிலிருந்து பிறந்த நான்கு ஆடுகள் ஏழெட்டு வயதிலும் நலமாக இருந்ததை 2016-இல் நாட்டிங்ஹாமில் பதிவு செய்தார்கள். ஜப்பானிய ஆய்வாளர் யமனாகா 2006-இல் நான்கே மரபணுக்களால் முதிர்ந்த செல்லைக் கருநிலைக்குத் திருப்பினார். அப்படியென்றால் சேதத்தின் ஒரு பகுதி திரும்பிப் போகக்கூடியது!

நுண்ணோக்கி:

ஒரு பகுதி, ஆமாம். குறிகள் திரும்பும். டிஎன்ஏவின் எழுத்தே மாறிவிட்ட பிழைகள் திரும்பாது. உயிருள்ள சுண்டெலியில் அந்த நான்கையும் தொடர்ந்து இயக்கினால் கட்டிகள் வருகின்றன. விட்டுவிட்டு இயக்கி, 2016-இல் சால்க் நிறுவனத்தில் சீக்கிரமே மூப்படையச் செய்யும் நோய் உள்ள சுண்டெலிகளின் ஆயுளை நீட்டினார்கள். எவ்வளவு நேரம் இயக்கினால் செல் இளமையாகும், எங்கே தன் அடையாளத்தை மறக்கும் என்பதுதான் இப்போதைய வேலை.

இன்னொரு தகவலும் உங்கள் மாணவிக்கு. நெதர்லாந்தின் ஹென்ட்ரிக்யே வான் ஆண்டெல்-ஷிப்பர் 115 வயதில் 2005-இல் இறந்தார். தன் உடலை ஆய்வுக்கு எழுதி வைத்திருந்தார். 2014-இல் வெளியான ஆய்வில், அவருடைய வெள்ளை அணுக்களில் பெரும்பகுதி புது ரத்தச் செல்களைத் தரும் ஸ்டெம் செல்களில் இரண்டே இரண்டிலிருந்து வந்தவை என்று தெரிந்தது. அவற்றின் டெலோமியர்கள் மூளைச் செல்களுடையதைவிட 17 மடங்கு குறுகியிருந்தன. ஒரே உடம்புக்குள் ரத்தத்துக்கு ஒரு வயது, மூளைக்கு வேறொரு வயது. உங்கள் வகுப்பு கேட்ட 'பழசு போய்ப் புதுசு வருகிறதே' என்பதற்கு ரத்தத்தின் பதில் அங்கே இருக்கிறது: புதுசைத் தருகிற கை குறைந்துகொண்டே வருகிறது.

மருந்துக்கடை:

கடைசியாக ஒன்று. ஆயுளை நீட்டும் என்று இணையத்தில் பார்த்துவிட்டு, ராபமைசின் என்ற மருந்தைக் கேட்டு இப்போது ஆட்கள் வருகிறார்கள். என்ன சொல்ல?

நுண்ணோக்கி:

ஈஸ்டர் தீவின் மண்ணிலிருந்த பாக்டீரியா தந்த மருந்து அது. 1964-இல் போன கனடியக் குழு எடுத்து வந்த மண். மாண்ட்ரியாலில் சுரேன் சேகல் அதிலிருந்து பிரித்தெடுத்தார். 2009-இல் 600 நாள் வயதான, அதாவது முதிய, சுண்டெலிகளுக்குக் கொடுத்தும் ஆயுள் கூடியது. இந்தத் துறையில் எனக்கு மிக நம்பிக்கை தந்த முடிவு அது. ஆனால் மனிதர்களிடம் அது சிறுநீரகம் மாற்றியவர்களுக்கு நோயெதிர்ப்பை அடக்கக் கொடுக்கும் மருந்து. வாய்ப்புண், ரத்தக் கொழுப்பு ஏற்றம், தொற்று, காயம் ஆறாமை எல்லாம் வரும். மனித ஆயுளை நீட்டும் என்று காட்டிய சோதனை எதுவும் இல்லை. மருத்துவர் சீட்டு இல்லாமல் கொடுக்காதீர்கள். சீட்டோடு வந்தாலும், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருக்கிறதா, புகையிலையை விட்டுவிட்டாரா என்று ஒரு வார்த்தை கேளுங்கள், அண்ணா. அந்த மூன்றுக்கும் மனிதர்களிடமே சான்று இருக்கிறது.